கென்ட்டில் ஒரு ஜப்தி வீடு: விலை கேட்டது முதல் சாவி வாங்கியது வரை

கழிப்பறை மூடியின் குறுக்கே மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. சமையலறைத் தொட்டியிலும் அதே நாடா. குழாய்த் தண்ணீர் வடிக்கப்பட்டுவிட்டது, எதையும் திறக்க வேண்டாம் என்று பாய்லரில் ஒரு தாள் தொங்கியது. வாசல் கண்ணாடியில் உள்பக்கமாக இன்னொரு தாள்: இந்த வீடு கடன் கொடுத்த நிறுவனத்தின் வசம் இருக்கிறது, உள்ளே உங்கள் பொருள் ஏதாவது இருந்தால் இந்த எண்ணில் பேசவும்.

2025 ஜூன் 5, வியாழக்கிழமை மாலை. கென்ட்டில் ஜில்லிங்ஹம் என்ற ஊர். வேக ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரம் சொச்சத்தில் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ். விக்டோரியா காலத்து வரிசை வீடு, மாடியில் இரண்டு படுக்கையறை, பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறையும் குளியலறையும். வீடு தேடிக்கொண்டிருந்தவன் என் மனைவியின் தம்பி. அந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருக்கிறான். முதல் வீடு.

"அத்தான், விலையைப் பாத்தீங்களா? இதே தெருவுல பக்கத்து வீடு ரெண்டரை லட்சத்துக்கு மேல போட்டிருக்காங்க."

கேட்ட விலை 2,25,000 பவுண்ட். வாசலில் நிற்கும்போதே அவன் மனதில் குடியேறிவிட்டான் என்பது தெரிந்தது.

இந்த வீட்டை வாங்கிய கதையை முழுசாக எழுத ஒரு காரணம் உண்டு. ஜப்தி வீடு என்றதும் நம்மவர்கள் எல்லாரும் விலையைப் பற்றியே பேசுகிறோம். எவ்வளவு குறைத்துக் கேட்கலாம், எவ்வளவு மிச்சம் என்று. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். வீடு கிட்டத்தட்ட கைவிட்டுப் போகப் பார்த்தது விலையால் அல்ல, சொலிசிட்டரால், அதாவது வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வழக்கறிஞரால். விலை சொல்வதற்கு முன்பே சொலிசிட்டர் தயாராக இருக்க வேண்டும் என்பதை ஏழு வேலை நாள்களைப் பறிகொடுத்துத்தான் கற்றோம். நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி. ஸ்காட்லாந்தில் முறையே வேறு.

விலை சொன்னோம், ஊருக்கே சொன்னார்கள்

ஜூன் 9ஆம் தேதி 2,12,000 பவுண்ட் தருவதாக ஏஜென்டுக்கு எழுதினான். சாதாரண விற்பனையில் வீட்டுக்காரர் சரி என்றால் பலகையில் விற்றாயிற்று என்று ஒட்டிவிடுவார்கள். இங்கே அடுத்த இரண்டாம் நாள், "உங்கள் விலையை எழுத்து ஒப்பந்தத்துக்கு உட்பட்டு ஏற்கிறோம்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. கூடவே ஏஜென்டின் தளத்தில் ஓர் அறிவிப்பும் வந்தது. வீட்டின் முகவரி, எங்கள் 2,12,000, அதன் கீழே: இதைவிட அதிகம் தர விரும்புகிறவர்கள், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதற்கு முன் எழுத்தில் தெரிவிக்கவும்.

தம்பிக்குக் கோபம் வந்தது. "நம்ம விலையை இவங்களே ஊருக்குச் சொல்றாங்களே, இது நியாயமா?" என்றான்.

நியாயம்தான். அந்த அறிவிப்பு யாருக்காக என்று தெரிந்துகொண்டால் கோபம் அடங்கும். விற்பது கடன் கொடுத்த நிறுவனம், ஆனால் விற்ற பணம் முழுவதும் அதற்குச் சொந்தமில்லை. 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 105ஆம் பிரிவு பணம் எந்த வரிசையில் போக வேண்டும் என்று சொல்கிறது. விற்பனைச் செலவு, அப்புறம் தன் கடன், அதற்கு அடுத்த நிலையில் யாராவது கடன் கொடுத்திருந்தால் அவர்கள், மிச்சம் இருந்தால் வீட்டை இழந்தவர். நிறுவனம் தன் கடன் தீர்ந்தால் போதும் என்று மலிவாகத் தள்ளிவிட்டால் நஷ்டம் அந்த மனிதருக்குத்தான். போதாமல் போனால் மீதிக் கடனுக்கும் அவரையே துரத்துவார்கள். அதனால்தான் நியாயமாகக் கிடைக்கக்கூடிய சிறந்த விலையைப் பெற வேண்டும் என்ற கடமையை நிதித் துறை ஒழுங்குமுறை விதிகள் நிறுவனத்தின் தலையில் வைத்திருக்கின்றன. அந்தக் கடமையைச் செய்ததற்கு ஆதாரம்தான் அந்த அறிவிப்பு.

இந்தக் கடமை நீதிமன்றத்தில் நிலைபெற்ற வழக்கு ஜில்லிங்ஹமிலிருந்து அதிக தூரமில்லாத ஊரில் எழுந்த ஒன்று. மெய்ட்ஸ்டன் ஊரில் கக்மியர் பிரிக் என்ற கம்பெனியின் நிலத்தைக் கடன் கொடுத்தவர்கள் ஏலம் விட்டார்கள். அந்த மனையில் நூறு அடுக்குமாடி வீடுகள் கட்ட அனுமதி இருந்தது. விளம்பரத்தில் அதைச் சொல்லவில்லை, தனி வீடுகளுக்கான அனுமதியை மட்டும் சொன்னார்கள். 44,000 பவுண்டுக்குப் போனது. 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், உண்மையான சந்தை விலையைப் பெற நியாயமான கவனம் எடுக்க வேண்டியது விற்பவரின் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஐம்பது வருஷத்துக்கும் மேலாகிறது, இன்றைக்கும் ஜப்தி வீடு விற்கிற ஒவ்வொருவரும் அந்தத் தீர்ப்பை மனதில் வைத்துத்தான் விற்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1991இல் மட்டும் பிரிட்டனில் 75,000 வீடுகளுக்கும் மேல் இப்படிக் கைமாறின. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். நீதிமன்றம் சும்மா எடுத்துக் கொடுத்துவிடுவதில்லை. நியாயமான காலத்துக்குள் பாக்கியைக் கட்டிவிடுவார் என்று தெரிந்தால் தள்ளிவைக்க 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் கொடுக்கிறது. அந்த வழியெல்லாம் அடைபட்ட பிறகுதான் கதவில் பூட்டு மாற்றுகிறார்கள். அந்தக் குடும்பத்துக்குச் சட்டத்தில் மீதியிருக்கும் முக்கியமான காப்பு நல்ல விலை. அதற்காக நாம் கொஞ்சம் பதற்றப்பட வேண்டியிருந்தால் படலாம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஜூன் 17ஆம் தேதி வேறொருவர் 2,18,000 என்றார். ராத்திரி வேலை முடிந்து வந்த தம்பி தூங்காமல் கணக்குப் போட்டான். மறுநாள் 2,21,500 எழுதினான். ஏன் அந்த 500 என்றால், முழு எண்ணில் கேட்கிறவர்கள் அதிகம், கொஞ்சம் தள்ளி நின்றால் அதே விலையில் இன்னொருவரோடு முட்டிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக. ஏற்றுக்கொண்டார்கள். அறிவிப்பில் எண் மாறியது. 19ஆம் தேதி விற்பனைக் குறிப்பு வந்தது: 28 நாளில், ஜூலை 17க்குள், ஒப்பந்தம் மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை வீடு சந்தையிலேயே இருக்கும்.

இங்கே எக்ஸ்சேஞ்ச், அதாவது இந்த ஒப்பந்தம் மாற்றிக்கொள்வது, என்பதுதான் எல்லாம். அதுவரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. நம் ஊர் மாதிரி அட்வான்ஸ் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவைத்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது. இன்னொன்றும் உண்டு. அந்த நாள்வரை வீட்டை இழந்தவர் முழுக் கடனையும் கட்டி வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நிறுவனம் ஒப்பந்தத்தில் கட்டுப்பட்ட பிறகுதான் அந்த வழி மூடும்.

ஏழு வேலை நாள் போன இடம்

விலை எழுதிய அன்றே ஏஜென்ட், "உங்கள் சொலிசிட்டர் யார்?" என்று கேட்டிருக்கிறார். தம்பியிடம் ஆள் இல்லை. ஏஜென்டே ஓர் இணைய நிறுவனத்தைச் சொன்னார், கட்டணமும் குறைவு. இப்படி அனுப்பிவைத்தால் ஏஜென்டுக்குத் தரகு உண்டு, அதை அவர் நம்மிடம் சொல்லியும் ஆக வேண்டும். சொன்னார். அதில் தப்பில்லை. தப்பு எங்களுடையது. அவன் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று, அவனுக்குச் சொல்லிக்கொடுக்காமல் நான் விட்டது.

அந்தக் கேள்வி இதுதான்: "எனக்குக் கடன் கொடுக்கப்போகிற வங்கியின் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா?"

கடன் வாங்கி வீடு வாங்கும்போது நம் சொலிசிட்டர்தான் பெரும்பாலும் வங்கிக்கும் சேர்த்து வேலை செய்கிறார். ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாதவர் என்றால் வங்கி தனியாக இன்னொரு சொலிசிட்டரை வைக்கும், செலவும் நாளும் கூடும், சில வங்கிகள் அதற்கும் சம்மதிப்பதில்லை.

விற்பவர் தரப்பு ஒப்பந்தக் காகிதங்களை ஜூன் 20ஆம் தேதியே அனுப்பிவிட்டது. அவை அந்த நிறுவனத்தின் பொது மின்னஞ்சல் பெட்டியில் கிடந்தன. தம்பி போன் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் எடுத்தார்கள். "உங்கள் கோப்பு இன்னும் திறக்கப்படவில்லை, அடையாளச் சோதனை முடியவில்லை" என்பதே பதில். 27ஆம் தேதி கடன் தரகர் கூப்பிட்டுச் சொன்னார், அந்த நிறுவனம் நாம் விண்ணப்பித்த வங்கியின் பட்டியலில் இல்லை என்று. வயிற்றில் புளியைக் கரைத்தது போலிருந்தது. 28 நாளில் எட்டு நாள் போயிருந்தது. அப்போது இருப்பில் என்ன என்று பார்த்தால் விலை தவிர வேறொன்றும் இல்லை.

ஜூன் 30, திங்கட்கிழமை காலை. பக்கத்து ஊரான சாத்தமில் மூன்று பேர் வேலை செய்யும் ஒரு சிறிய அலுவலகம். இந்த முறை நானும் கூடப் போனேன். உட்காருவதற்கு முன்பே கேட்டோம். வங்கிப் பட்டியலில் உண்டா? உண்டு. கடன் நிறுவனம் விற்கிற வீட்டுக்கு முன்பு வேலை செய்திருக்கிறீர்களா? செய்திருக்கிறேன். எங்கள் கோப்பை யார் பார்ப்பார், அவர் ஜூலை 17 வரை விடுமுறையில் போகிறாரா? நான்தான் பார்ப்பேன், போகவில்லை. அந்த அம்மாள் கட்டணத்தையும் ஒளிக்கவில்லை: 1,350 பவுண்ட், மேலே 20 சதவீத வாட் வரி. முதல் நிறுவனத்தைவிட ஐநூறுக்கு மேல் அதிகம். தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

அவர் அங்கேயே இரண்டு பேரின் பாஸ்போர்ட்டையும் படி எடுத்தார், விற்பவரின் சொலிசிட்டருக்கு அன்றே கடிதம் அனுப்பினார், நகராட்சி போன்ற இடங்களின் பதிவுகளில் வீட்டைப் பற்றிப் பார்க்கும் தேடல்களுக்கு ஆணை கொடுத்தார். எல்லாம் ஒரே காலையில்.

வில்லங்கம் பார்த்தது

நம் ஊரில் வில்லங்கச் சான்று வாங்குவது போல, இங்கே நிலப்பதிவகத்தின் பதிவேடு. அதில் மூன்று பகுதி: சொத்து எது, சொந்தக்காரர் யார், மேலே என்ன பாரம். எங்கள் வீட்டின் பாரப் பகுதியில் மூன்று இருந்தன. முதல் கடன், விற்கிற நிறுவனத்துடையது. இரண்டாவது வேறொரு நிறுவனத்தின் கடன். மூன்றாவது, ஏதோ பாக்கிக்காக நீதிமன்றம் வீட்டின் மேல் ஏற்றியது. தம்பி பயந்துவிட்டான், "அந்த ரெண்டையும் நாம கட்டணுமா அத்தான்?" என்று.

கட்ட வேண்டாம். முதல் கடன்காரர் தன் அதிகாரத்தில் விற்கும்போது, தனக்குப் பின்னால் வந்த பாரங்களைத் தாண்டிச் சொத்தை நமக்குக் கொடுக்க 104ஆம் பிரிவு வழி செய்கிறது. அவர்கள் பங்கு விற்ற பணத்தில் இருக்கிறது, வீட்டில் இல்லை. ஆனால் விற்பவருக்கு முன்னால் ஒரு பாரம் இருந்தால் கதை வேறு, அது நம்மோடு ஒட்டிக்கொண்டு வரும். அதனால் வரிசையைப் பார்ப்பதுதான் முதல் வேலை. மாற்றுப் பத்திரமும் வேறு படிவம். சாதாரண விற்பனைக்கு டிஆர்1, இதற்கு டிஆர்2. அது பதிவானால் விற்கிற நிறுவனத்தின் கடனுக்கென்று தனி விடுதலைப் பத்திரம்கூட வேண்டாம்.

அப்புறம் சொலிசிட்டர் பார்த்தவை: பதிவேட்டில் இருக்கும் கடன்காரரும் ஒப்பந்தத்தில் விற்பவரும் ஒரே பெயரா, கடன் பத்திரத்தின் நகல், வீட்டை வசம் எடுக்க நீதிமன்றம் தந்த ஆணையின் நகல். உள்ளே யாரும் குடியில்லை என்பதை எங்களையே போய்ப் பார்த்து எழுதித் தரச் சொன்னார். கடன் வாங்கியவர் யாரையாவது வாடகைக்கு வைத்திருந்தால் அது பெரிய தலைவலி.

வழக்கமாக விற்பவர் பல பக்கக் கேள்விப் படிவம் ஒன்றை நிரப்பித் தருவார். வேலி யாருடையது, பக்கத்து வீட்டோடு சண்டை உண்டா, ஜன்னல் எப்போது மாற்றினீர்கள், பாய்லருக்குச் சான்று எங்கே. ஜப்தி விற்பனையில் அந்தப் படிவமே வராது. அந்த அம்மாள் கேட்டு அனுப்பிய பதினோரு கேள்விகளில் ஒன்பதுக்கு ஒரே பதில்: விற்பவர் இந்த வீட்டில் குடியிருந்ததில்லை, எதுவும் தெரியாது, வாங்குபவர் தாமே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தின் சிறப்பு விதிகளும் அப்படியே. இருக்கிற நிலையில் வாங்க வேண்டும், உரிமைக்கான உத்தரவாதம் வரம்புக்கு உட்பட்டது.

அதனால் கட்டட ஆய்வில் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கிக்காகப் பார்க்கிறவர். நாங்கள் மூன்றாம் நிலை, அதாவது மிக விரிவான, ஆய்வுக்கு 790 பவுண்ட் கொடுத்தோம். தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, காஸ் அடைத்தாயிற்று. ஆய்வாளர் டார்ச்சோடு வந்து, சோதிக்க முடியாதவை என்று ஒரு பக்கம் எழுதினார். தண்ணீர்க் குழாய் முழுவதையும், கம்பி முழுவதையும் சந்தேகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆறாயிரம் பவுண்ட் ஒதுக்கச் சொன்னார். ஒதுக்கினோம்.

அவர் கண்டுபிடித்தது இன்னொன்று. சமையலறைக்கும் பின்கட்டுக்கும் நடுவிலிருந்த சுவரை யாரோ எடுத்திருந்தார்கள். சுவர் தாள் புதியது, மேலே உத்தரம் இருக்கிறதா என்று தெரியவில்லை. நகராட்சித் தேடலில் கட்டட விதிச் சான்று எதுவும் இல்லை.

தம்பி நல்ல பிள்ளை, நேர்வழிக்காரன். "நகராட்சிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடறேன்" என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் எண்ணைத் தேடி எடுத்துவிட்டான். தற்செயலாக எனக்குச் செய்தி அனுப்பினான், நான் சொலிசிட்டரைக் கேட்டேன். அவர் அந்த நிமிஷமே அவனைக் கூப்பிட்டார்: "எண்ணை அழுத்தாதீர்கள்."

காரணம் இது. அனுமதியில்லாத வேலைக்கு இங்கே ஒருவகைக் காப்பீடு வாங்கலாம். நகராட்சி பின்னால் நடவடிக்கை எடுத்தால் வரும் இழப்பை அது ஏற்கும். ஒரே முறை கட்டணம், அடுத்து வாங்குகிறவருக்கும் செல்லும். எங்களுக்கு நூறு பவுண்டுக்குள் முடிந்தது. ஆனால் அந்தக் குறையைப் பற்றி நகராட்சியிடம் யாரும் பேசியிருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. ஒரு போன் போயிருந்தால் காப்பீடு கிடைத்திருக்காது, காப்பீடு இல்லாமல் வங்கி பணம் விட்டிருக்காது.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இந்தத் தாளை வாங்கியதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தக் காப்பீடு நகராட்சிக்குப் பதில் சொல்லும், சுவரைத் தாங்காது. உத்தரம் இல்லாவிட்டால் மேல்தளம் இறங்கும். அதனால் தனியாக ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்தோம். கூரைப் பலகையில் ஒரு துளை போட ஏஜென்ட் மூலம் அனுமதி கேட்டு, உள்ளே இரும்பு உத்தரம் இருப்பதை அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

சேரன்மகாதேவிப் பணம்

விலையில் 15 சதவீதம், 33,225 பவுண்ட், எங்கள் பங்கு. தம்பியின் சேமிப்பு 27,000. மீதிக்கும் மற்ற செலவுகளுக்கும் ஊரில் மாமா, அதாவது என் மாமனார், 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். அன்றைய மாற்றில் ஏறத்தாழ 12,800 பவுண்ட். சேரன்மகாதேவிப் பக்கம் இருந்த வயலில் ஒரு பகுதியை முந்தின வருஷம் விற்ற பணம்.

பணம் அனுப்புவது சுலபம். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் முன்வரியாகப் பிடிக்கும். மாமாவுக்கு ஐந்து லட்சத்துக்கு ஒரு லட்சம் பிடித்தார்கள், வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். அந்த ஒரு லட்சத்தை அவர் தனியாகப் புரட்ட வேண்டியிருந்தது, முன்பே சொல்லியிருந்தால் அலைந்திருக்க மாட்டார்.

கஷ்டம் இந்தப் பக்கம். பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் நூல் பிடித்துப் போய்ப் பார்க்க வேண்டும், கறுப்புப் பணத் தடுப்பு விதி அது. அன்பளிப்புக் கடிதம், திருப்பித் தர வேண்டாம், வீட்டில் பங்கு கேட்க மாட்டேன் என்று மாமா கையெழுத்திட்டது. அவருடைய அடையாளச் சான்று. விற்ற பணம் அவர் கணக்கில் விழுந்த வங்கி அறிக்கை. விற்ற கிரயப் பத்திரம். பத்திரம் தமிழில், பதினான்கு பக்கம், நாற்புற எல்லையும் வாய்க்கால் பாத்தியமும் சேர்த்து. சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் அதை முடித்துத் தர ஜூலை 11 ஆகிவிட்டது. எக்ஸ்சேஞ்ச் அன்று கட்ட வேண்டிய பத்து சதவீதம், 22,150 பவுண்ட், தம்பியின் சேமிப்பிலேயே இருந்தது. ஆனாலும் முழுப் பணத்துக்கும் மூலம் தெரியாமல் கையெழுத்தை விடமாட்டேன் என்று அந்த அம்மாள் உறுதியாக நின்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. அவர் செய்ததுதான் சரி. எக்ஸ்சேஞ்ச் ஆன பிறகு பணத்தில் சிக்கல் வந்தால் அந்த 22,150 போய்விடும்.

கடைசி மூன்று நாள்

ஜூலை 14, திங்கள். ஏஜென்ட் அழைத்தார். இன்னொருவர் 2,26,000 எழுதியிருக்கிறார்.

தம்பிக்கு வாய் வறண்டது. விலையைக் கூட்டினால் வங்கியிடம் மறுபடி போக வேண்டும், கடன் ஒப்புதல் 8ஆம் தேதி வந்தது 2,21,500க்குத்தான். சொலிசிட்டர் விலையைத் தொடவே இல்லை. விற்பவரின் சொலிசிட்டருக்கு ஐந்து வரி எழுதினார்: கையெழுத்திட்ட ஒப்பந்தம் எங்களிடம் இருக்கிறது, முன்பணம் கட்சிக்காரர் பணத்துக்கான எங்கள் அலுவலகக் கணக்கில் இருக்கிறது, கடன் ஒப்புதல் வந்துவிட்டது, தேடல்கள் முடிந்தன, காப்பீட்டுக்கு வங்கியின் சம்மதம் மட்டும் பாக்கி, நாளை மறுநாள் மாற்றிக்கொள்ளத் தயார்.

அந்தக் கடிதம்தான் வீட்டை வாங்கிக் கொடுத்தது. சிறந்த விலை என்றால் காகிதத்தில் எழுதிய பெரிய எண் மட்டுமல்ல, நிஜமாகக் கைக்கு வரக்கூடிய எண். புதிதாக வந்தவர் இன்னும் வீட்டை ஆய்வே செய்யவில்லை. 16ஆம் தேதி மாலை ஐந்துக்குள் எக்ஸ்சேஞ்ச் ஆனால் உங்களுக்கு, இல்லையென்றால் அவருக்கு என்று பதில் வந்தது.

16ஆம் தேதி காலை பதினொன்றரைக்கு வங்கியின் சம்மதம் வந்தது. வீட்டுக் காப்பீட்டைத் தம்பி முதல் நாளே பேசி வைத்திருந்தான், ஏனென்றால் எக்ஸ்சேஞ்ச் ஆன நொடியிலிருந்து வீடு எரிந்தாலும் இடிந்தாலும் வாங்குபவர் பொறுப்பு. காலி வீடு என்றதும் இரண்டு கம்பெனிகள் மறுத்தன. காலி வீடுகளுக்கென்றே காப்பீடு தருகிற மூன்றாவது கம்பெனிதான் ஏற்றது.

மூன்றே முக்காலுக்குச் சொலிசிட்டர் அறையில் நாங்கள் இருவரும். அவர் போனில் எதிர்த்தரப்பு சொலிசிட்டரை அழைத்தார். முகவரியைச் சொன்னார், விலையைச் சொன்னார், முன்பணத்தைச் சொன்னார், முடிக்கும் நாள் ஜூலை 30 என்றார். இரண்டு பேரும் அவரவர் கட்சிக்காரர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருப்பதாக உறுதி சொன்னார்கள். "சட்ட சங்கத்தின் பி சூத்திரப்படி மாற்றிக்கொள்கிறோம்" என்றார். போனிலேயே ஒப்பந்தம் மாற்றிக்கொள்ள சொலிசிட்டர்களின் சங்கம் வகுத்த முறை அது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒப்பந்தத்தின் மேல் 3.47 என்று நீல மையில் எழுதினார். அவ்வளவுதான். தம்பி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான், விடவில்லை.

சாவிக்குப் பிறகு

ஜூலை 30 சாவி வந்தது. முதல் வீடு, மூன்று லட்சத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை இல்லை. ஆனாலும் பதினான்கு நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும், சொலிசிட்டர் செய்தார். மின்சார மீட்டர் முன்கட்டண வகை, பழைய பாக்கியைக் காட்டியது. முடித்த நாளின் ஆதாரத்தை அனுப்பியதும் கம்பெனி அதை அழித்துக் கொடுத்தது. பழைய சொந்தக்காரர் பெயருக்கு வாரத்தில் ஏழெட்டுக் கடிதம். கடன் அந்த மனிதரோடு போவது, முகவரியோடு ஒட்டிக்கொள்வதில்லை. ஒவ்வொன்றிலும் இங்கே இல்லை என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டான். ஒரு மருத்துவமனைக் கடிதத்தை மட்டும் அந்த மருத்துவமனைக்கே போன் செய்து சொன்னான், சந்திப்பு நாள் தவறிவிடக் கூடாதே என்று.

தண்ணீரைத் திறந்த அன்று குளியலறைத் தரைக்கடியில் கசிந்தது. ஒதுக்கிய ஆறாயிரத்தில் நாலாயிரத்துச் சொச்சம் முதல் மாதத்திலேயே போனது. காஸ் இணைப்பு வரவில்லை, ஆகவே கையடக்க அடுப்பில் என் மனைவி பால் காய்ச்சினாள். பொங்கி வழிந்தபோது தொட்டியில் இன்னும் பாதி மஞ்சள் நாடா இருந்தது.

மாமா தினமும் போனில் ஒரே கேள்வி. "பத்திரம் வந்திருச்சா? பத்திரத்தை எங்க வச்சிருக்க?" இங்கே பத்திரம் என்று ஒன்று கையில் தருவதை 2003இலேயே நிறுத்திவிட்டார்கள், எல்லாம் நிலப்பதிவகத்தின் கணினியில் என்று தம்பி எத்தனை முறை சொன்னாலும் அவருக்குச் சமாதானமாகவில்லை. செப்டம்பர் கடைசியில் பதிவு முடிந்தது. சொந்தக்காரர் என்ற இடத்தில் தம்பி பெயர், பாரப் பகுதியில் பழைய மூன்றும் போய் அவன் வங்கியின் கடன் மட்டும். அந்தப் பதிவேட்டை நல்ல தாளில் அச்செடுத்து ஊருக்குக் கூரியரில் அனுப்பினான். மாமா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் மீதி வயலின் பட்டாவுக்குக் கீழே வைத்திருக்கிறாராம்.